கிளாஸ் விளிம்பில் அகஸ்தியன்பள்ளி உப்பு

கோடியக்கரை,
ஆனி மாதம், ஞாயிறு மாலை.

அடி காரைக்கால்காரி,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கூடத்தில் மாமியார் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்க, "ஆமாண்டி, டெக்கீலாவை நாலரை மூடி ஊற்று" என்று நான் எப்படிச் சத்தம் போட்டுச் சொல்வேன்? அதனால்தான் கடிதம். உன் மருமகள் கையில் கிடைத்தால்கூடப் பாதகமில்லை, உன் வீட்டுக்காரர் கையில் மட்டும் கிடைக்க விடாதே. அவருக்கு வாயில் எதுவும் தங்காது. சாயங்காலத்துக்குள் நாகூர் வரைக்கும் சேதி போய்விடும்.

கதை இதுதான். சிங்கப்பூர்க் கொழுந்தன் வந்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வருகிற ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கம் கிடையாது என்கிற ஒரு சட்டத்தை மட்டும் நம்ம வீட்டு ஆண்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். எப்போதும் இரண்டும் விஸ்கியாகத்தான் வரும். இந்த முறை ஒன்று விஸ்கி, ஒன்று டெக்கீலா. விஸ்கி முதல் ராத்திரியே மொட்டை மாடியில் காலி. மறுநாள் டெக்கீலாவைத் திறந்து, குவார்ட்டர் அடிக்கிற பழக்கத்தில் தண்ணீரைக் கலந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, "கத்தாழையை மண்ணெண்ணெயில ஊறப்போட்ட மாதிரி இருக்குடா" என்று என் வீட்டுக்காரர் துப்பினாராம். சீட்டாட வருவாரே ஒருத்தர், பேர் எழுத மாட்டேன், உனக்கே தெரியும், அவர் பாட்டிலையே முகர்ந்து பார்த்துவிட்டு இது கெட்டுப்போய்விட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பாட்டில் என் சமையலறை அலமாரிக்கு இறங்கி வந்து வினிகர் பக்கத்தில் நின்றது.

கற்றாழை என்று இவர் சொன்னதில் தப்பில்லை, தெரியுமா? டெக்கீலா கற்றாழைச் சாராயம்தான். நீ முகத்தில் பூசிக்கொள்கிற சோற்றுக்கற்றாழை இல்லை. ரயில் பாதை ஓரம் முள்ளும் மடலுமாக நிற்குமே ஆனைக்கற்றாழை, அதன் பங்காளி. நீல அகாவே என்பார்கள். சாதி பார்த்தால் நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கு குடும்பம். ஆறேழு வருஷம் வளரவிட்டு, மடலை எல்லாம் சீவித் தள்ளினால், நடுவில் பெரிய அன்னாசிப்பழம் போல ஒரு குருத்து கிடைக்கும். அதைச் சூளையில் வேகவைத்தால்தான் உள்ளே இருக்கிற இன்யூலின் என்கிற சத்து இனிப்பாக மாறும். பிறகு நசுக்கி, புளிக்கவைத்து, இரண்டு தடவை வடிக்க வேண்டும். மெக்சிகோவில் ஹலிஸ்கோ மாநிலத்திலும் இன்னும் நாலு மாநிலங்களின் சில பகுதிகளிலும் செய்தால்தான் டெக்கீலா என்று பேர் வைக்கலாம். 1974-லேயே பேருக்கு வேலி போட்டுவிட்டார்கள், நம்ம தஞ்சாவூர்த் தட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கின மாதிரி. அதனால்தான் நம்ம சித்தூர்ப் பக்கம் டெஸ்மண்ட் நாசரேத் என்கிற மனிதர் தக்காணத்துக் கற்றாழையில் அதே முறையில் வடித்து 2011-ல் கடைக்குக் கொண்டுவந்தபோது டெக்கீலா என்று எழுத முடியாமல் அகாவே மது என்று எழுதினார். சித்தூர் எவ்வளவு தூரம்! நாம் திருப்பதிக்குப் போகிற வழி. மொட்டை போட்டுக்கொண்டு வந்தோமே தவிர இதைக் கவனித்தோமா?

நீ வாங்கும்போது ஒன்று மட்டும் பார். லேபிளில் நூறு சதவீதம் அகாவே என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 51 சதவீதம்தான் கற்றாழை, மீதி கரும்புச் சர்க்கரையாகக்கூட இருக்கலாம். மறுநாள் தலைவலிக்குக் கரும்பின் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, குடித்த அளவின் மேல்தான் பழி. ஆனால் வாசனையில் வித்தியாசம் நிச்சயம் உண்டு. உன் ஊரில் தெருவுக்குத் தெரு கடை, உனக்கென்ன. ஆனால் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டி இங்கே வரலாம் என்று கனவு காணாதே. பேரன் பேத்தி எடுத்த வயதில் ஸ்டேஷன் வாசலில் உட்கார வேண்டிவரும்.

சரி, நீ கேட்ட கலவைக்கு வருகிறேன். மார்கரீட்டா என்று சினிமாவில் பார்த்திருப்பாய், அகலவாய்க் கிளாஸ், விளிம்பில் உப்பு. அதில் டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சு மது 20, எலுமிச்சைச் சாறு 15 என்பது பார்காரர்களின் கணக்கு. ஆரஞ்சு மதுவுக்கு நான் எங்கே போவேன்? கமலா ஆரஞ்சின் தோலை வெள்ளை படாமல் சீவி, தட்டின பனங்கற்கண்டோடு பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைத்தேன். தோலில் இருக்கிற எண்ணெய் முழுவதும் கற்கண்டில் இறங்கிவிடுகிறது. காலையில் கொஞ்சம் வெந்நீர் விட்டு வடிகட்டினால் பாகு தயார். வெல்லத்திலும் செய்து பார்க்கலாம் என்று கொழுந்தன் சொன்னார். வேண்டாம், பாயசம் ஆகிவிடும்.

பழம் என்று வந்தால் மாம்பழம்தான், வேறு பேச்சே இல்லை. கஜா புயலில் விழுந்த மரம் போக நம்ம கொல்லையில் மிச்சம் நிற்கிற நீலம் இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. 2018 நவம்பரில் அந்தப் பதினாறாம் தேதி விடிந்தபோது வேர் மேலே, கிளை கீழே என்று தோப்பு தோப்பாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இப்போது ஒரு பழம் கையில் விழுந்தால் என்ன அர்த்தம் என்று. இதில் நான் செய்த கெட்டிக்காரத்தனம், முக்கால் பங்கு கனிந்த நீலம், கால் பங்கு புளிப்புக் காய். வெறும் பழமாகப் போட்டால் திகட்டும், டெக்கீலாவின் அந்தப் பச்சை வாசனையும் அமுங்கிப்போகும். காயின் புளிப்பு இருந்தால்தான் இரண்டும் பேசிக்கொள்கின்றன. வேதாரண்யம் கடைத்தெருவில் கூறு கட்டி வைத்திருந்த பாலைப்பழத்தையும் வாங்கி வந்து போடச் சொன்னாள் ஓரகத்தி. தின்னும்போதே உதட்டில் பால் ஒட்டுகிற பழம், கண்ணாடிக் கிளாஸில் கேட்க வேண்டுமா? கழுவினவளுக்குத்தான் தெரியும், கழுவினவள் அவளே.

மாங்காயை மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டு நாம் பள்ளிக்கூட வாசலில் தின்றோமே, மெக்சிகோவிலும் தெருவுக்குத் தெரு அதேதான், எலுமிச்சை கூடுதல். மாமரம் அங்கே சொந்த மரமில்லை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பெயின்காரர்கள் கப்பல் விட்டார்களே, அந்த வழியாகப் போன மாமரங்கள் உண்டு. மணிலா என்ற பேரிலேயே இன்றும் அங்கே ஒரு மாம்பழம் இருக்கிறது. அதே கப்பலில் போன பிலிப்பைன்ஸ் ஆட்கள் அங்கே தென்னையில் கள் இறக்கவும் அதைக் காய்ச்சி வடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள், கற்றாழையை வடிக்கிற வித்தையே அதிலிருந்து வந்ததுதான் என்று வாதிடுகிற ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். இதைக் கொழுந்தன் சொன்னதும் இவருக்கு ஒரே பெருமை, ஏதோ இவரே ஏறிக் கள் இறக்கின மாதிரி. நம்ம மாநிலத்தில் தென்னையில் கள் இறக்கினால் கேஸ், அது இவருக்கு அப்போது நினைவில்லை.

இனி உப்பு. இதைத்தான் நான் உனக்கு முக்கியமாக எழுத வந்தேன். பாக்கெட் தூள் உப்பைத் தொடாதே, நாக்கில் சுள்ளென்று அடித்து எல்லாவற்றையும் கெடுக்கும். அகஸ்தியன்பள்ளிக் கல்லுப்பு, காய்ந்த மிளகாய் ஒன்று, இரண்டையும் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டு. கிளாஸ் விளிம்பில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, பாதி வட்டத்துக்கு மட்டும் உப்பில் ஒற்று. பாதிதான், வேண்டுகிறவர்கள் உப்புப் பக்கம் குடிப்பார்கள், பிரஷர்காரர்கள் திருப்பிக்கொள்வார்கள். உப்பு கசப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். பாகற்காய்க்கு நாம் உப்புப் போட்டுப் பிசிறி வைப்பதில் பாதிச் சூட்சுமம் இதுதான்.

அப்படி ஒற்றிக்கொண்டிருக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜாஜி 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியில் கிளம்பி நடந்து வந்து 30-ம் தேதி உப்புச் சட்டத்தை மீறி அள்ளின உப்பு இந்த உப்பு. அதே ராஜாஜி 1937-ல் மாகாணப் பிரதமரானதும் முதல் வேலையாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியபோது, தள்ளாத வயதில் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடினவரும் அவர்தான். சர்தார் வேதரத்தினம் 1946-ல் தொடங்கின கன்யா குருகுலத்தில் படித்த நாம் இரண்டு பேர், அந்த உப்பை டெக்கீலா கிளாஸில் தடவி எப்படி இருக்கிறது என்று கடிதம் எழுதிக்கொள்கிறோம். உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் பக்கம் போனால் இனி நான் நிமிர்ந்து பார்ப்பேனா, தெரியவில்லை. உப்பு என்னவோ பிரமாதம்.

கலக்குகிற விதம் கேள். இருமல் மருந்து மூடியால் நாலரை மூடி, அதாவது 45 மில்லி டெக்கீலா. மாம்பழக் கூழ் ஆறு மூடி, எலுமிச்சைச் சாறு இரண்டு, பாகு ஒன்றரை. பழைய கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, ஐஸ் நிறையப் போட்டு, துணி சுற்றிப் பிடித்து, கை விறைக்கிற வரைக்கும் குலுக்கு. குளிரில் மூடி இறுகிக்கொள்ளும், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். ஐஸையும் மிக்ஸியில் போட்டு அரைத்தால் பனிக்கூழ் மாதிரி வரும் என்று நாத்தனார் மகன் என் பேச்சைக் கேட்காமல் போட்டு பிளேடை மழுக்கினான். அப்படிச் செய்வதற்கென்றே 1971-ல் டல்லஸில் மரியானோ மார்ட்டினெஸ் என்கிற கடைக்காரர் ஐஸ்கிரீம் மெஷினை மாற்றி அமைத்தார். அந்த மெஷின் இப்போது அமெரிக்கர்களின் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. என் மிக்ஸி ரிப்பேர் கடையில் இருக்கிறது.

ஐஸ் என்றதும் இன்னொன்று. வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸ் போதவில்லை என்று இவர் கடற்கரைப் பக்கம் போய், படகில் மீன் போட வைத்திருந்த ஐஸ் பாரிலிருந்து ஒரு துண்டு வாங்கி வந்தார். "ஐஸ்னா ஐஸ்தானே." வாசலிலேயே நிறுத்தினேன். பூனை மட்டும் வெகுநேரம் நக்கிக்கொண்டிருந்தது.

எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் துணி உலர்த்தப் போகாதே. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் கண்டு, கறுத்து, வாரக்கணக்கில் மாறாது. உன் வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரை போடுகிற ஆள், அவருக்கு டெக்கீலா இல்லாமல் சோடா ஊற்றிக் கொடு. மற்றவர்களுக்கும் ஒரு கிளாஸோடு கடையை மூடு. மாம்பழத்தில் சாராயம் இருக்கிற இடமே தெரியாது, நாக்கு ஏமாறும், கால் ஏமாறாது. இரண்டு கிளாஸ் குடித்த சீட்டாட்டக்காரர் எங்கள் கொல்லைக் கதவைத் திறந்து, இல்லாத பைக்கைத் தேடினார்.

மாமியாருக்குச் சோடா போட்டுத்தான் கொடுத்தேன், சத்தியம். குடித்துவிட்டு, "இதுல ஒண்ணு குறையுதேடி" என்றார். என்ன குறைகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்றுதான் மூன்று நாளாக ஓரகத்தியும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவருடைய அப்பா வீட்டில் தென்னந்தோப்பு இருந்தது என்கிறாள் அவள். நீ வரும்போது பழைய கதையைக் கொஞ்சம் பிடுங்கு, உன்னிடம்தான் அவர் வாயைத் திறப்பார். கமலா ஆரஞ்சு ஒரு டஜன் வாங்கி வா, இங்கே கிடைப்பது தோல் வற்றிப் போயிருக்கிறது.

உன்
கோடியக்கரைக்காரி