மடங்கிய விளிம்பு

என் தகப்பனார் விட்டுச்சென்ற பிரீமியர் பத்மினி காரை உங்களில் பலர் அறிவீர்கள். இத்தாலியின் ஃபியட் 1100 வடிவத்தில் பம்பாயின் குர்லா ஆலையில் உருவான வண்டி அது. கோயம்புத்தூரில் பணிபுரியும் என் மகன், சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தபோது, தன் சம்பளத்தில் அதற்கு அலாய் வீல்களும் 175 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்களும் வாங்கி மாட்டினான். பழைய டயரின் அகலம் ஏறத்தாழ 132 மில்லிமீட்டர்தான். அவன் என்னிடம் கேட்கவில்லை; நானும் நன்றி சொல்லவில்லை.

தனியே ஓட்டியவரை குறையேதும் தெரியவில்லை. ஒரு ஞாயிறு பிற்பகல், சபையின் மூத்தவர்கள் மூவரைப் பின்னிருக்கையில் அமர்த்திச் சென்றபோது, ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சக்கரம் எதிலோ உரசும் ஓசை கேட்டது. இறங்கிப் பார்த்தால், டயரின் பக்கவாட்டில் கத்தியால் கீறியது போன்ற கோடு. அப்படியே ஓட்டியிருந்தால் டயர் வெடித்திருக்கக்கூடும்.

அன்றிரவு மகனிடம் தொலைபேசியில் கடிந்துகொண்டேன். "தாத்தா வண்டியைக் கெடுத்துவிட்டாய்" என்றேன். "நான் எதைச் செய்தாலும் உங்களுக்குக் குற்றந்தான்ப்பா" என்று சொல்லி அவன் இணைப்பைத் துண்டித்தான். மூன்று வாரங்கள் எங்களுக்குள் பேச்சில்லை.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த முதிய டிங்கர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றேன். முதலில் அவர் லீஃப் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா என்று பார்த்தார்; அதில் குறையில்லை. பிறகு மட்கார்டு விளிம்பின் உட்புறத்தில் சாக்பீஸைத் தடவி, பட்டறைப் பையன்களைப் பின்னிருக்கையில் ஏற்றி ஓட்டிப் பார்த்தார். டயரில் வெள்ளை ஒட்டியிருந்தது. சக்கரத்தின் மேல்வளைவில், உள்நோக்கி மடிந்து நிற்கும் விரலளவுத் தகடுதான் உரசியது.

"வெட்டி எடுத்துவிடலாமா, அண்ணாச்சி?" என்றேன்.

"வெட்டக்கூடாது ஐயா. வெளித்தகடும் உள்தகடும் சேருற இடம் இது. வெட்டுனா பிடிப்பு போயிரும், தண்ணி இறங்கித் துரு ஏறும். உள்ளே மடக்கிவிட்டாப் போதும்."

சக்கரத்தைக் கழற்றி, பெயிண்ட் வெடிக்காதபடி வெப்பக்காற்றால் இளக்கினார். மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சிறிதளவே மடக்கினார். மீண்டும் சூடேற்றி, மீண்டும் தொடக்கத்திலிருந்து மடக்கினார். ஒரே அடியில் மடக்கினால் வெளித்தகடு பிதுங்கிவிடுமாம். இறுதியில், தகடுகள் சேருமிடத்தில் நீர் புகாதபடி சீலர் பூசினார். கிடைத்த இடைவெளி ஒரு சென்டிமீட்டர்கூட இராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

அங்கே பெஞ்சில் அமர்ந்திருந்த நான், எங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டேன். மகன் கொடுத்தது அகலமான ஓர் அன்பு. அதற்கு இடமளிக்காத கூர்மையான விளிம்பு எனக்குள்ளே இருந்தது. நான் தனித்திருந்தவரை அது எனக்கே தெரியவில்லை. பாரம் ஏறியபோதுதான் அது அவனைக் கீறியது. பொறுமையைக் குறித்துப் பல ஆண்டுகள் பிரசங்கித்தவன் நான்.

பட்டறையிலிருந்தே அவனை அழைத்தேன். "டயர் நல்ல டயர்தான், தம்பி. வண்டியில்தான் இடம் போதவில்லை. இப்போது சரியாகிவிட்டது" என்றேன். சற்று நேரம் அவன் பேசவில்லை. பின்பு, "எவ்வளவு மடக்கினார்கள், அப்பா?" என்று கேட்டான். அரைமணி நேரம் பேசினோம்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் பாரம் ஏறும்போது மட்டும் கேட்கும் ஓர் உரசல் உண்டா? உறவை வெட்டிவிட வேண்டாம்; எதிரிலிருப்பவரை ஒடுங்கச் சொல்லவும் வேண்டாம். உங்கள் பக்கத்து விளிம்பைத் தடவிப் பாருங்கள். அதை ஒரே நாளில் மடக்க இயலாது. இந்த வாரம் சிறிதளவு மடக்கத் தொடங்குங்கள்.