டோலுக்கு மேல் ஒரு டோல்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வாடகைக் கார் எடுத்துக்கொண்டு சாசலிட்டோவுக்கும் மியூர் வுட்ஸுக்கும் போகிறவர்கள் கோல்டன் கேட் பாலத்தை இருமுறை கடக்கிறார்கள். வடக்கே போகும்போது கட்டணம் கிடையாது. நகருக்குள் திரும்பும்போது மட்டும்தான் டோல். பரனூர் டோல்கேட்டில் வரிசையில் நின்று பழகிய கண் அங்கேயும் தடுப்புக் கட்டையையும் பணம் வாங்கும் ஆளையும் தேடும். இரண்டும் இல்லை. 2013 மார்ச்சிலிருந்து அந்தப் பாலத்தில் ரொக்கம் வாங்குவதில்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படம்பிடிக்கும். பில் வண்டியின் உரிமையாளருக்குப் போகும். வாடகைக் காருக்கு உரிமையாளர் வாடகை நிறுவனம் என்பதால், பாலத்துக்கும் நமக்கும் நடுவே மூன்றாவது கை ஒன்று நுழைந்துவிடுகிறது.

பாலத்தின் டோல் இப்போது பத்து டாலரை ஒட்டி இருக்கிறது. அதைக் கொடுப்பதில் தவறே இல்லை. உப்புக் காற்றில் நிற்கும் இரும்புக்கு ஓயாமல் பெயின்ட் அடித்தாக வேண்டும். என் கேள்வி அதற்கு மேல் விழும் கட்டணத்தைப் பற்றியது. நம் ஊரில் டாக்ஸி பேசும்போது "டோல் தனி" என்பார் டிரைவர். ரசீதில் உள்ளதைக் கொடுத்துவிடுவோம். அங்கே அப்படியில்லை. 2017இல் சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா, ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கின் சாரம் இது: ஒருமுறை பாலத்தைக் கடந்தாலும், வாடகைக்கு எடுத்த ஒவ்வொரு நாளுக்கும் 4.95 டாலர், அதிகபட்சம் 24.75 டாலர் வரை, டோலுக்கு மேல் வசூலிக்கப்பட்டது. 2019இல் 36.5 லட்சம் டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது.

பில்லைப் பிரித்து வாடிக்கையாளரைத் தேடிப்பிடிக்கச் செலவாகிறது என்பார்கள் வாடகை நிறுவனத்தார். ஆகட்டும், அது ஒரு பில்லுக்கான செலவு. வண்டி விடுதி வாசலில் நின்ற நாளுக்கும் காசு கேட்க அது காரணமாகாது. நெடும்பயணம் முடிந்து, தூங்கி வழியும் குழந்தையோடு கவுன்ட்டரில் நிற்பவருக்கு நிறுவனமே டோலைக் கட்டிவிடுவது வசதிதானே என்றும் கேட்கலாம். ஃப்ளோரிடாவில் தினமும் பல டோல் சாலைகளில் ஓடுகிறவருக்கு நாள் கட்டணம் லாபமாகவும் இருக்கலாம். ஒரு பாலத்தை ஒருமுறை கடப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மேப்பில் டோல் இல்லாத வழியைப் போட்டுக்கொண்டால் போதும் என்பது அதைவிடப் பலவீனமான யோசனை. நகருக்குள் வரும் பே பாலத்திலும் டோல் உண்டு. தப்ப வேண்டுமானால் விரிகுடா முழுவதையும் சுற்றி சான் ஹோசே வழியாக வர வேண்டும். பெட்ரோலும் வீண், பொழுதும் வீண்.

நேர்வழி, பாலத்துக்கு நாமே கட்டிவிடுவது. கடப்பதற்கு 30 நாள் முன்பிருந்து, கடந்த பின் 48 மணி நேரம் வரை, நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்து ஆன்லைனில் கட்டலாம். முன்கூட்டியே கட்டுவது நல்லது; நிறுவனத்தின் கணக்கு முந்திக்கொள்ளாது. அங்கே மகனோ மகளோ ஃபாஸ்ட்ராக் என்ற டோல் கணக்கு வைத்திருந்தால், வாடகை வண்டியின் எண்ணை அதில் சேர்த்து, வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் நீக்கிவிடலாம். சில வண்டிகளில் முன்கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி ஒட்டியிருக்கும். அதன் மூடியை நகர்த்தித் திறந்தால் நிறுவனத்தின் டோல் சேவை வேலை செய்யத் தொடங்கிவிடும். சாவியை வாங்கியதும் அந்த மூடி சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். நம்பர் பிளேட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு வண்டியைக் கிளப்புங்கள்.