பூ ஏறும் சாலை

காரகோரம் நெடுஞ்சாலையில் வசந்தம் கீழிருந்து மேலே ஏறுகிறது. மார்ச் நடுவில் கில்கிட்டை ஒட்டிய தாழ்ந்த ஊர்களில் பூக்கத் தொடங்கும் ஆப்ரிகாட், மாதக் கடைசியில் மத்திய ஹுன்ஸாவையும், ஏப்ரல் நடுவில் மேல் ஹுன்ஸாவான கோஜாலையும் எட்டும். ஓரிடத்தில் பூ நிற்பது பத்து நாள் அளவே. பெருங்காற்று அடித்தால் அதுவும் இல்லை. படமெடுக்க வருபவர்கள் இந்தக் கணக்கை நம்பித்தான் வண்டி ஏறுகிறார்கள்.

சாலையின் தெற்கு முனை பாகிஸ்தானின் ஹசன் அப்தால். அங்கிருந்து கோஹிஸ்தான் பள்ளத்தாக்கு வரை பலர் தூங்கியே கடந்துவிடுகிறார்கள். சிலாஸில் மட்டுமாவது விழித்துக்கொள்வது நல்லது. அங்கே சிந்து நதிக்கரைப் பாறைகளில் புத்தர் உருவங்களும் தூபிகளும் மலையாடுகளும் செதுக்கப்பட்டுள்ளன. பட்டுப்பாதையில் போன வணிகர்களும் யாத்திரிகர்களும் பெயர் பொறித்திருக்கிறார்கள். டயமர்-பாஷா அணை நிறையும்போது இவற்றில் ஆயிரக்கணக்கானவை நீருக்கடியில் போய்விடும். பூவைத் தேடி விரையும் கேமராக்கள் இங்கே நிற்பது அரிது. பூ அடுத்த ஆண்டும் வரும், மூழ்கிய பாறை வராது.

கில்கிட்டை அடுத்த தன்யோரில், சாலை போடும்போது இறந்த சீனத் தொழிலாளர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1978-இல் முடிந்த இந்தச் சாலைக்காக உயிர்விட்ட பாகிஸ்தானியர்களின் எண்ணிக்கை இன்னும் பல மடங்கு.

நகர் என்ற பள்ளத்தாக்குப் பகுதியில் 7,788 மீட்டர் உயர ரகபோஷி சாலைக்கு நேர் மேலே நிற்கிறது. ஒளி இங்கே சிகரத்தில் முதலில் விழும். பள்ளத்தாக்கு வெகுநேரம் நிழலிலேயே கிடக்கும். கேமராவில் பனிக்கு ஒளியளவு வைத்தால் பூ கருத்துவிடும், பூவுக்கு வைத்தால் பனி வெளுத்துவிடும். அதனால் கரீமாபாத்தில் பால்தித் கோட்டையைப் பூக்களோடு எடுக்க நினைப்பவர்கள், வெயில் தோட்டங்களுக்கு இறங்கும்வரை காத்திருப்பார்கள். ஏப்ரலில் பனியாறுகள் உருகத் தொடங்கியிராததால் ஹுன்ஸா நதி மெலிந்து, தெளிந்து ஓடும். கோடையில் அதே நதி சாம்பல் நிறச் சேறு. தோட்டங்கள் காட்சிப்பொருள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு பூவும் ஒரு பழம், கூரையில் உலரும் வற்றல், கொட்டையிலிருந்து பிழியும் எண்ணெய். படத்துக்காகக் கிளையை வளைத்து ஒடிப்பது அந்த வீட்டின் வருமானத்தை ஒடிப்பதுதான்.

பனி உருகுவது ஆபத்தையும் கொண்டுவரும்: ஹசனாபாத்தில் 2022 மே 7 அன்று, கடும் வெயிலுக்குப் பின் ஷிஷ்பர் பனியாற்று ஏரி உடைந்து நெடுஞ்சாலைப் பாலத்தையே அடித்துப்போனது.

அதற்கு மேலே அத்தாபாத். 2010 ஜனவரி 4-இல் மலைச்சரிவு ஒன்று 20 பேரைப் பலிகொண்டு, நதியை அடைத்தது. தேங்கிய நீர் மாதக்கணக்கில் ஏறி அயீனாபாத்தை முழுங்கியது. ஷிஷ்கட், குல்மித் ஊர்களின் வீடுகளும் தோட்டங்களும் மூழ்கின. நெடுஞ்சாலையில் சுமார் 20 கி.மீ. ஏரியின் அடியில் போயிற்று. பின்பு 5 ஆண்டுகள் மரப்படகுதான் சாலை. படகின் குறுக்கே இரண்டு பலகை போட்டு ஜீப்பை அதன்மேல் ஏற்றுவார்கள். முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் மறுபக்கமும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கோஜாலின் உருளைக்கிழங்கு மூட்டைகள், சீனாவிலிருந்து வந்த பெட்டிகள், பிரசவத்துக்குப் போகும் பெண், பள்ளிப் பிள்ளைகள், சவம் என எல்லாமே அந்தப் படகில்தான் போய் வந்தன. லாரியிலிருந்து இறக்கி, படகில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் லாரிக்கு மாற்றிய சுமையாட்களின் கூலி பண்டத்தின் விலையில் ஏறியது. கடுங்குளிரில் ஏரி உறைந்தால் படகும் நின்றுவிடும். பனிக்கட்டி இளகும்வரை காத்திருக்க வேண்டும். இழப்பீடு கேட்டு 2011 ஆகஸ்டில் அலியாபாத்தில் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டதில் தந்தையும் மகனும் இறந்தனர். 2015 செப்டம்பரில் சுரங்கங்களோடு புதுச்சாலை திறந்தது.

இன்று அதே ஏரி நீலப்பச்சை நிறத்துக்காகப் பேர்போனது. பாறையைப் பனியாறு அரைத்த நுண்துகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. கரையில் விடுதிகள் எழும்பிவிட்டன. அவற்றின் கழிவுநீர் ஏரிக்குள் போவதாக ஊரார் புகார் சொல்கிறார்கள். ஊர்களை மூழ்கடித்த நீரை ‘இயற்கையின் பரிசு’ என்று விளம்பரம் செய்வது அநியாயம். இங்கே படமெடுப்பவர் படக்குறிப்பில் அயீனாபாத்தின் பெயரையாவது எழுதலாம்.

ஹுசைனியின் தொங்குபாலமும் பாசுவின் ஊசிக்கோபுரச் சிகரங்களும் ஏற்கெனவே போதுமான அளவு படமாகிவிட்டன. சொஸ்த் சுங்கச்சாவடி தாண்டினால் தோட்டங்களே இல்லை. சீன எல்லையில் 4,693 மீட்டர் உயரக் குஞ்சராப் கணவாயில் ஏப்ரலிலும் பனிதான். அங்கே இடப்பக்கம் ஓடிய வண்டிகள் வலப்பக்கத்துக்கு மாறுகின்றன. சாலை தஷ்குர்கான், கராகுல் ஏரி வழியாக இறங்கிக் காஷ்கரில் முடிகிறது.