நூறாண்டு மழை, ஓராண்டு வேலை

முனைவர் பட்டம் வாங்கிய அன்று அம்மா கேட்டார், "அதான் படிச்சு முடிச்சாச்சே, இனிமே நிரந்தர வேலைதானே?" இல்லை. கிடைத்தது போஸ்ட்டாக், ஓராண்டு ஒப்பந்தம். ஆய்வு மானியம் இருக்கும்வரை வேலை. முடிந்தால் மேசையைக் காலி செய்ய வேண்டும்.

கிள்ளான் ஆற்றின் மழை, நீர்மட்டத் தரவுகளை ஆராய்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறை. அந்தப் பக்கமாக ஓடும் ஆறுதான் ஷா ஆலாம், கிள்ளான் வழியாகக் கடலுக்குப் போகிறது. இடையில் தாமான் ஸ்ரீ மூடா. எங்கள் வீடு அங்கேதான்.

2021 டிசம்பர் 18. ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. தண்ணீர் அப்பாவின் தோள்வரை ஏறியது. இரண்டு இரவுகள் மாடியிலேயே கழிந்தன. "நூறு வருசத்துக்கு ஒருமுறை வர்ற மழை" என்றார்கள். அப்பாவுக்குக் கோபம். "1971-லயும் கேஎல் மூழ்குச்சே, நான் சின்னப் பையன். இது எந்த ஊருக் கணக்கும்மா?"

நூறாண்டு மழை என்றால், ஒருமுறை வந்துவிட்டால் நூறு ஆண்டுக்கு நிம்மதி என்று பொருள் இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 30 ஆண்டு வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 விழுக்காடு. அதுவும் பழைய மழைக்கணக்கு இனியும் பொருந்தினால்தான்.

தரவுப் பகுப்பாய்வு என்றால் பெரும்பாலும் துப்புரவு வேலை. கருவி நின்றுபோன நேரங்களில் கோப்பில் -9999 என்று விழும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் ஆறு பாதாளத்தில் ஓடும். எங்கள் தாமானுக்குக் கிட்டே ஒரு நிலையத்தில் வெள்ளம் உச்சத்துக்கு ஏறிய நேரம் முழுக்க -9999. கருவியே மூழ்கிவிட்டது. இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைக்க பைத்தானில் ஒரே வரி போதும். ஆனால் உச்சம் காணாமல் போய்விடும். ஒப்பந்தத்தில் மிச்சம் நான்கு மாதம். கட்டுரையையும் முடித்தாக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கொமுட்டர் ஏறி வீட்டுக்குப் போனேன். சாமி மேடைக்குப் பக்கத்தில் அப்பா பென்சிலால் போட்ட கோடு அப்படியே இருந்தது. சுவருக்குச் சாயம் பூசியபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார். நான் டேப் பிடித்து அளந்தேன். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அளந்தோம். சுவருக்கு உயரம் தெரியும், நேரம் தெரியாது. நேரத்தைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கைப்பேசிப் படங்கள் சொல்லின. எல்லாம் சேர்த்தும் முழுப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நேர்கோடு பொய் என்று காட்ட அது போதும்.

கட்டுரை தள்ளிப்போகிறது. ஒப்பந்தம் நீளுமா, தெரியாது. நூறாண்டுக் கேள்வியை ஓராண்டு ஆட்கள் மாறி மாறிப் பார்க்கிறோம். வருகிறவருக்கு முதல் சில மாதங்கள் முன்னவர் விட்டுப்போன கோப்புகளைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும்.

தே குடிக்கும்போது அப்பா கேட்டார், "நீ போயிட்டா இத யாரும்மா பாப்பாங்க?"

அன்றிரவு கோப்பின் தலைப்பில் எழுதி வைத்தேன்: "இந்த இடைவெளியை நிரப்ப வேண்டாம். சுவர் அளவுகள் அடுத்த பக்கத்தில்."