நாலு பாடமும் ஒரு ஜாம் போத்தலும்

ஓ.எல். றிசல்ற் வந்த கிழமை வீட்டுக்கு வருகிற ஆட்களெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “தம்பி பயோவோ, மற்ஸோ?” மூன்றாவதாக ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, வாயால் சொல்ல மனம் வராது. நான் “கொமர்ஸ்” என்றதும் பெரியப்பா வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒருதரம் செருமினார். “அதைப் படிச்சுப்போட்டுப் பெரியகடையிலை கணக்கெழுதப் போறியோ?” கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று வளர்ந்த தலைமுறை அது. அம்மாதான் குறுக்கே வந்தா. “எக்கவுண்டனும் நல்ல உத்தியோகம்தானே அத்தான்.” பெரியப்பா யோசித்தார். கொழும்பில் எக்கவுண்டனாக இருந்த யாரோ ஒருவருக்குக் கிடைத்த சீதனம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “அப்ப படிக்கட்டும்” என்று வெற்றிலையைத் திரும்ப எடுத்தார்.

அப்போது ஏ.எல். இற்கு நாலு பாடம். கணக்கியல், பொருளியல், வர்த்தகமும் நிதியும், அளவையியல். பள்ளிக்கூடத்தில் படித்தது பாதி, ரியூட்டரியில் படித்தது மீதி. உங்களுக்கும் அந்தக் கொட்டில் மறந்திருக்காது. கிடுகு வேய்ந்த நீளக் கூரை, மணல் தரை, ஆணி துருத்திக்கொண்டு காற்சட்டையைக் கிழிக்கிற பலகை வாங்குகள். மழை பெய்தால் ஊறின கிடுகின் மணமும் வெண்கட்டித் தூளின் மணமும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறும். சேர் வந்ததும் கரும்பலகையில் பெரிதாய் ஒரு ‘ரி’ கீறுவார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. 1494இல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பசியோலி என்ற துறவி அச்சில் போட்ட இரட்டைப் பதிவு, நல்லூருக்குப் பின்னால் ஒரு மணல் தரைக்கு வந்து சேர்ந்திருந்தது. வகுப்பில் பெட்டையள் இருப்பது இடப்பக்கம். “வரவெல்லாம் அந்தப் பக்கம்தான்” என்று பின்வாங்குப் பெடியள் முணுமுணுப்பார்கள். சேருக்குக் காது கேட்கும், கேட்காத மாதிரி இருப்பார்.

பொம்பர் சத்தம் கேட்டால் எல்லாரும் வெளியே ஓடிப் பங்கருக்குள் இறங்குவோம். சுற்றிவிட்டுப் போனதும் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். “எங்கை விட்டனான்? ஆ... பெறுமானத் தேய்வு.”

1990இல் போன கரண்ட் வரவேயில்லை. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அரிக்கன் லாம்பு கட்டாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, கொஞ்சமாய் எண்ணெய் விட்டு, கம்பியில் கொளுவின திரியைக் கொளுத்தி வைப்போம். போத்தலுக்குள் எரிவதால் காற்றுக்கு லேசில் நூராது. விடிய முகம் கழுவினால் மூக்குக்குள்ளிருந்து கரி வரும். பற்றரிக்குத் தடை என்றபடியால் எங்களிடம் இருந்தவை வெளிச்சத்தில் ஓடுகிற கல்குலேற்றர்கள். இரவில் அதை விளக்குக்குக் கிட்டப் பிடிக்கவேண்டும். கை கொஞ்சம் விலகினால் இலக்கம் மங்கி மங்கி, கூட்டிக்கொண்டு வந்த தொகை அப்படியே போய்விடும். அதனாலேயே மனத்தால் கூட்டப் பழகினோம். இப்போதும் கடையில் பில் வருமுன் எனக்குத் தொகை தெரிந்துவிடுகிறது. மனிசி சிரிப்பா.

கம்பசுக்கு விருப்பம் போடுகிறபோது ஜயவர்த்தனபுரத்தை முதலில் போடச் சொன்னவர்கள் உண்டு. வணிகம் என்றால் அதுதான் என்று பெயர். ஆனால் கொழும்புக்குப் போவதென்றால் பாஸ் எடுக்கவேண்டும், இரவில் கிளாலிக் கடல் கடக்கவேண்டும். “வீட்டுச் சோத்தைத் திண்டுகொண்டு இஞ்சையே படி” என்றா அம்மா. அப்படித்தான் வணிகமாணிக்குத் திருநெல்வேலிக்குப் போனேன். இராமநாதன் கட்டின பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974இல் வளாகமாகத் தொடங்கி, 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமானது. உள்ளே போனால் முதலில் கோயில், அதற்குப் பிறகுதான் படிப்பு. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பக்தியோடு நின்றவர்களில் பாதிப்பேர் சுண்டலுக்காக நின்றவர்கள். எந்தப் பாதி என்று நீங்கள் சொல்லவேண்டாம்.

கன்ரீனில் சீனி இல்லாத நாட்களில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தோம். அந்தக் கரகரப்பும் சாயக் கைப்பும் சேர்ந்த சுவை வேறெங்கும் கிடைக்கவில்லை. பொதுப் பட்டத்தோடு நிற்பதா, சிறப்புக்குப் போவதா என்ற வழக்கெல்லாம் அந்த மேசையில்தான் நடந்தது. சிறப்பென்றால் இன்னும் ஒரு வருடம் கூட. வீட்டில் தங்கச்சி வளருகிறாள், உழைக்கவேணும் என்றவன் பொதுவோடு போனான். “நாடு இருக்கிற இருப்புக்கு வெளியிலை வந்து என்னத்தைக் கிழிக்கிறது, உள்ளையே இருப்பம்” என்றவர்கள் சிறப்புக்கு வந்தோம். கிரயக் கணக்கியலும் கணக்காய்வும் கம்பனிச் சட்டமும் எங்கள் தலையில் ஏறினது இப்படியொரு தீர்மானத்தால்தான்.

சோதினை கிட்டினால் குப்பி தொடங்கிவிடும். யாருக்கு எது விளங்கினதோ அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பேர், நடுவில் ஒரு போத்தல் விளக்கு. சிவப்புப் பேனை ஒன்றுதான், கைமாறி ஓடும். அடிமட்டம் வைத்து மொத்தத்துக்குக் கீழே இரட்டைக் கோடு கீறுகிற உரிமை, முதலில் சரி வந்தவனுக்கு. பரீட்சை மீதி சரி வராவிட்டால் ஒருவரும் எழும்பமாட்டோம். வித்தியாசத்தை ஒன்பதால் பிரித்துப் பார், மிச்சமில்லாமல் பிரிந்தால் எங்கேயோ 54ஐ 45 என்று எழுதியிருக்கிறாய். இரண்டால் பிரித்துப் பார், அந்தத் தொகை பேரேட்டில் இருந்தால் பக்கம் மாறிப் பதிந்திருக்கிறாய். ஒன்றும் பிடிபடாவிட்டால் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருவன் சொல்லுவான், மற்றவர்கள் விடமாட்டார்கள். நடுச்சாமத்தில் “வந்திட்டுதடா!” என்று கத்தினால் பக்கத்து வளவு நாய் குரைக்கும். அம்மம்மா உள்ளேயிருந்து “என்ன, கரண்டோ வந்திட்டுது?” என்பா.

‘தொடர்ந்தியங்கல்’ என்ற எண்ணக்கரு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு வியாபாரம் நாளைக்கும் நடக்கும், அதற்கடுத்த வருடமும் நடக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கு எழுதுவது. கட்டடத்தின் விலையைப் பல வருடத்துக்குப் பரப்பித் தேய்வு போடுகிறதும் அந்த நம்பிக்கையில்தான். அதை மனப்பாடம் செய்து கொஞ்சக் காலத்தில், 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. செம்மணி வெளியிலிருந்து நாவற்குழிப் பாலம் மட்டும் தலைகள். சைக்கிள் கரியரில் உரப்பை, அதற்குள் உடுப்புக்கு நடுவே கிரயக் கணக்கியல் நோட்ஸ். எங்கள் ஒழுங்கை முடக்குக் கடைக்கார அண்ணையும் பக்கத்தில் நடந்து வந்தார். கடையைப் பூட்டிவிட்டு, கடன் கொப்பியை மட்டும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். அதில் அரைவாசிப் பேர் எங்கள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்கள். அவர் யாரிடமும் ஒரு சதம் கேட்கவில்லை. “நனையாமல் இருந்தால் காணும் தம்பி” என்றார்.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கடை கூரையில்லாமல் நின்றது. கொப்பியில் இருந்த பேர்களில் பலர் வன்னிக்கும், கொழும்புக்கும், கடல் கடந்தும் போய்விட்டார்கள். அறவிட முடியாக் கடன் என்று தள்ளிவிடச் சொல்லிக்கொடுத்த படிப்பு என்னுடையது. அண்ணை தள்ளவில்லை. கனகாலத்துக்குப் பிறகு ஸ்காபரோவிலிருந்து வந்த ஒருவர் படலையில் நின்று, “அண்ணை, எங்கட வீட்டுக் கணக்கு எவ்வளவு?” என்று கேட்டாராம். அண்ணை கொப்பியை எடுத்து, எழுதியிருந்த தொகையை மட்டும் வாங்கினார். அரிசி அப்போது விற்ற விலைக்கு.

திண்ணையில் இருந்தவர்களில் ஒருவன் இப்போது ஹரோவில், ஒருவன் மெல்பேர்னில். எல்லாரும் எக்கவுண்டன்மார்தான். பெரியப்பா இருந்தால் வெற்றிலையோடு சிரித்திருப்பார். நான் வேலை செய்கிற இடத்தில் மென்பொருள் இரண்டு பக்கமும் சமமாகாமல் ஒரு பதிவைக்கூட ஏற்காது. பரீட்சை மீதி பிழைப்பதேயில்லை. ஐந்து மணிக்குக் கணினியை மூடிவிட்டு எல்லாரும் தங்கள் தங்கள் காரில் போகிறோம்.

போன கிழமை மருமகன் ஊரிலிருந்து வாட்ஸப்பில் வந்தான். இப்ப ஏ.எல். மூன்று பாடம்தான், றிசல்ற் வந்துவிட்டது, வணிகமாணியோ வியாபார நிர்வாகமாணியோ என்று குழப்பம். கணக்கில் ஆசை இருந்தால் முதலாவது, ஆட்களைக் கட்டி மேய்க்க ஆசை இருந்தால் இரண்டாவது என்றேன். எதை எடுத்தாலும் சிறப்பை விடாதே என்றேன். கடைசியில், “சேர்ந்து படிக்க நாலு பெடியளைப் பிடிச்சு வை” என்றும் சொன்னேன்.

“அதுக்குச் சூமிலை குறூப் இருக்கு மாமா. கமராவை ஓவ் பண்ணிப்போட்டு அவரவர் வீட்டிலை இருந்தே படிக்கலாம்” என்றான்.