44ஆம் நம்பர் பஸ்

ஸ்பீட்வே எனக்கு அறிமுகமானது ஒரு பஸ்ஸுக்குள்.

1987, கோடை முடிகிற நேரம். லண்டன் டூட்டிங்கில் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் இருந்தேன். வேலை வான்ட்ஸ்வர்த்தில், ஒரு பெற்றோல் செட்டில். இரவு பத்து மணிபோல வேலை முடிந்ததும் 44ஆம் நம்பர் பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையைப் பிடித்து, கராட் லேன் முழுவதும் அரைத்தூக்கத்தில் வருவேன். அன்றைக்கு சமர்ஸ்டவுன் தரிப்பில் நாற்பது ஐம்பது சனம் ஒரேயடியாக ஏறியது. தாத்தா, பேரன், கைப்பிள்ளையோடு ஒரு தாய், கையில் புரோகிராம் புத்தகத்தோடு இளந்தாரிகள். எல்லோர் முகத்திலும் செம்மண் தூள். தலையைத் தட்டியபோது இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோட்டம் கொத்திவிட்டு வந்தவர்கள்போல அந்த வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள்.

மண்ணோடு ஒரு மணமும் ஏறியது. எங்கேயோ மணந்த மணம். இரண்டு தரிப்பு தாண்டிய பிறகு பிடிபட்டது: ஆமணக்கெண்ணெய். சின்ன வயதில் வயிறு கழுவ மூக்கைப் பிடித்துப் பருக்கிய அதே எண்ணெய்தான், இப்போது எரிந்த வாசனையோடு. பக்கத்தில் இருந்த கிழவியிடம் என்ன விசேஷம் என்று கேட்டேன். “ஸ்பீட்வே, பிளவ் லேனில், அடுத்த கிழமையும் உண்டு” என்றாள். அவள் இறங்கிய பிறகு பார்த்தால் என் சப்பாத்திலும் செம்மண்.

வீட்டில் இதைச் சொன்னதும் அறையில் மூத்தவரான அண்ணை உடனே எழும்பிவிட்டார். “வா, போய் விடுப்புப் பாப்பம். பஸ் வாசலிலை இறக்குது, பிறகென்ன?” என்றார். அந்த “பிறகென்ன”வுக்குள் எவ்வளவு இருந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகே விளங்கியது.

விம்பிள்டன் என்றால் உலகத்துக்கு டென்னிஸ். எங்களுக்கு எஃப்ரா ரோட்டில் 1981இல் தொடங்கிய பிள்ளையார் கோயில். கோயிலுக்கும் பிளவ் லேன் திடலுக்கும் நடந்து போகிற தூரம்தான். வாண்டில் ஆற்றங்கரையில், பட்டறைகளுக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே கிடந்தது அந்தத் திடல். நாயோட்டம் ஒரு நாள், பழைய கார்களை மோதவிடுகிற ஓட்டம் ஒரு நாள், கார் நிறுத்துமிடத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. எங்கள் வீட்டு அலுமினியச் சட்டிகள் பாதி அந்தச் சந்தையில் வாங்கியவை. ஸ்பீட்வே நாள் மட்டும் தனி.

நான்கு பேர். நான்கு சுற்று. 500 சிசி மோட்டார் சைக்கிள், அதற்கு பிரேக் கிடையாது. எரிபொருள் மெத்தனோல், கூடவே அந்த ஆமணக்கெண்ணெய். குறுக்கே கட்டிய நாடா சட்டென்று மேலெழும்பியதும் நான்கும் ஒரே கூட்டமாக முதல் வளைவுக்குப் பாயும். இடது காலில் மாட்டிய இரும்புச் சப்பாத்தை மண்ணில் தேய்த்து, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு வளைவார்கள். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல்வனுக்கு 3 புள்ளி, அடுத்தவனுக்கு 2, மூன்றாமவனுக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. வளைவில் நின்றால் சக்கரம் வாரி எறிகிற மண் முகத்தில் அறையும். விபரம் தெரிந்தவர்கள் அங்கேதான் நிற்பார்கள். அண்ணை முதல் நாளே அங்கே போய் நின்று, தேத்தண்ணிக் கோப்பைக்குள் மண் விழ, சத்தம்போட்டுச் சிரித்தார்.

அந்த வளைவில்தான் ஒரு கிழவர் எங்களுக்குச் சிநேகிதமானார். இரண்டாம் யுத்தத்துக்கு முன்பிருந்தே வருகிறவர். ரோனி மூர் 1954இலும் 1959இலும், பாரி பிரிக்ஸ் 1957இலும் 1958இலும் உலகப் பட்டம் வென்றபோது இருவரும் எங்கள் அணி என்று, தன் பிள்ளைகளைச் சொல்வதுபோல் சொல்வார். வென்றவர்களைவிட அவர் அதிகம் பேசியது பஸ்களைப் பற்றி. பந்தயம் முடிகிற நேரத்துக்கு கராட் லேனில் மேலதிக பஸ்கள் வரிசையாக நிற்குமாம். 1926இல் நோர்தர்ன் லைன் பாதாள ரயில் டூட்டிங்கைத் தாண்டி மோர்டன் வரை நீண்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்துத் திடல், 1929இல் லீக்கில் ஸ்பீட்வே அணி. “ரயிலுக்குப் பின்னால்தான் நாங்கள் வந்தோம்” என்பார்.

லண்டனின் மற்றத் திடல்களும் அப்படித்தான் முளைத்திருந்தன. வெம்பிளி, ஹாரிங்கே, நியூ குரொஸ், வெஸ்ட் ஹாம், ஹாக்னி. ட்ராமிலோ ரயிலிலோ பஸ்ஸிலோ வேலைத்தலத்திலிருந்து நேரே வந்து, பார்த்துவிட்டு, அதே வழியில் வீட்டுக்குப் போகக்கூடிய இடங்கள். வெம்பிளியில் 1981இல் நடந்த உலக இறுதிப் போட்டியைப் பார்க்க 90,000க்கு மேல் சனம். ஆனால் இதற்கு ஒத்துவராத கதையொன்றும் கிழவர் வைத்திருந்தார். 1928 பிப்ரவரி 19, எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற மேட்டில், ஒரு மதுச்சாலைக்குப் பின்புறம், பிரிட்டனில் இந்தப் பந்தயம் பெயர் வாங்கிய முதல் நாள். சில ஆயிரம் பேர் வருவார்கள் என்று எண்ணியிருந்தார்கள். முப்பதாயிரம் வந்ததாகச் சொல்வார்கள். காடும் மேடும் எவரையும் தடுக்கவில்லை. “புதினம் என்றால் ஒருநாள் நடந்தும் போகலாம். ஒவ்வொரு கிழமையும் நடக்கமாட்டாய்” என்று கதையை முடிப்பார்.

நான் போகத் தொடங்கிய காலத்தில் அணி இரண்டாம் தர லீக்குக்கு இறங்கியிருந்தது. படிக்கட்டுகளில் பாதி வெறுமை. இருந்தும் ஒவ்வொரு கிழமையும் புதுமுகங்கள் வந்தன. பஸ்ஸில் செம்மண்ணைக் கண்டு கேட்டவன், சந்தையில் விளம்பரத்தாள் பார்த்தவள், வேலை முடிந்து வீட்டுக்குப் போக மனமில்லாதவன். இப்படி வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் திரும்ப வரமாட்டார்கள். மிச்ச இரண்டு பேர் வருவார்கள், பிறகு பிள்ளையைக் கூட்டி வருவார்கள். நானும் அந்த இரண்டில் ஒருவன். ஊர்க் கோயில் திருவிழாவை எடுத்துப் பாருங்கள். நேர்த்திக்காரர் என்ன தூரமானாலும் வருவார்கள். வீதியை நிறைப்பது விடுப்புப் பார்க்க வந்த சனம்தான். அந்தச் சனத்துக்குக் கோயில் போகிற வழியில் இருக்கவேண்டும்.

1991இல் பிளவ் லேனில் ஒரே வருடத்தில் இரண்டு விளக்குகள் அணைந்தன. எங்கள் திடலுக்குச் சில நூறு அடி தள்ளி விம்பிள்டன் காற்பந்துக் கழகத்தின் மைதானம் இருந்தது. 1988இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பை தூக்கிய கழகம். 1991 மே மாதத்தோடு அது செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் பெயர்ந்தது. கோடையில் ஸ்பீட்வேயும் போயிற்று. அந்தப் பருவத்தில்தான் முதல்தர லீக்குக்கு மீண்டும் ஏறியிருந்தார்கள். வருகிற சனத்தின் காசில் அந்தச் செலவு கட்டுபடியாகவில்லை. பருவத்தின் நடுவில் அணியை அப்படியே சசெக்ஸ் மாவட்டத்தில், ஈஸ்ட்போர்னுக்குப் பக்கத்தில், ஆர்லிங்டன் திடலுக்குக் கொண்டுபோனார்கள்.

“அதே ஓட்டக்காரர்தானே, போய்ப் பாப்பம்” என்றார் அண்ணை. கிளப்பம் ஜங்ஷனில் ரயிலேறி போல்கேட்டில் இறங்கினோம். அங்கிருந்து ஹெயில்ஷாம் பக்கம் போக முன்பு ஒரு கிளைப்பாதை இருந்தது. 1968இல் அதை மூடிவிட்டார்கள். அன்றைக்கு பஸ் ஒன்றும் வாய்க்கவில்லை. ஒரு டாக்ஸி பிடித்து வயல்வெளி, வேலி, மாடு எல்லாம் தாண்டிப் போய் இறங்கினால், அழகான திடல், பெரிய புல்வெளி, அதில் வரிசையாகக் கார்கள். கால்நடையாக உள்ளே போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் போலிருந்தது.

அந்த இடத்தை நான் குறை சொல்லமாட்டேன். 1929இலிருந்து அங்கே பந்தயம் நடந்துவந்தது. சுற்றுக் கிராமத்துக் கமக்காரர் குடும்பங்கள் காரில் வந்து பார்த்த திடல் அது. 1995இல் நாட்டின் முதல்தர லீக்கையும் வென்றார்கள். அது அவர்கள் வழியில் இருந்தது, எங்கள் வழியில் இல்லை, அவ்வளவே. கடைசி மூன்று ஓட்டங்கள் மிச்சமிருக்க, எப்படித் திரும்புவது என்ற யோசனையில் அண்ணையின் கண் திடலைவிட்டு வாசலுக்குப் போய்விட்டது. ஒரு குடும்பம் இரக்கப்பட்டு போல்கேட் வரை ஏற்றிவந்தது. ரயிலில் அண்ணை சப்பாத்தைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “இனி இது எங்கடை இல்லை, தம்பி.” அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் ஸ்பீட்வேக்கு வரவில்லை.

நான் கார் வாங்கிய பிறகு எசெக்ஸில் லேக்சைட் வணிக வளாகத்தை அண்டிய திடலுக்குச் சிலமுறை போனேன். எம்25 நெடுஞ்சாலையின் காலடியில் இருந்த இடம். வரைபடத்தில் பார்த்தால் இதைவிட வசதி இல்லை. ஆனால் பந்தயம் வெள்ளிக்கிழமை இரவு, டார்ட்ஃபர்ட்டில் தேம்ஸைக் கடக்க ஊரே காரில் வரிசையாக நிற்கிற நேரம். முதல் ஓட்டத்தைப் பெரும்பாலும் கார் வானொலி கேட்டபடியே தவறவிட்டேன். காரில் போனால் இன்னொரு குறையும் உண்டு. செம்மண் உங்கள் காருக்குள்ளேயே உதிர்கிறது. கேட்பதற்குப் பக்கத்து இருக்கையில் ஆளில்லை.

2002இல் பிளவ் லேனில் மீண்டும் ஸ்பீட்வே தொடங்கியது. மூன்றாம் தர லீக், பாதி ஓட்டக்காரர் மீசை முளைக்காத பையன்கள். எனக்குக் கவலையில்லை. காரை வீட்டில் விட்டு, ஏழு வயது மகனை 44இல் ஏற்றிக் கூட்டிப்போனேன். அதே வளைவு, அதே மண், அதே மணம். தலையைத் தட்டித் தட்டி அவன் பஸ்ஸில் சிரித்ததைப் பார்த்து முன்னால் இருந்த பெண் திரும்பி என்னவென்று கேட்டாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்தக் கிழவியின் பதிலை நான் சொன்னேன்.

அதே காலத்தில் அவனை கார்டிஃபுக்கும் கூட்டிப்போனேன். 2001இலிருந்து மில்லேனியம் ஸ்டேடியத்தில் ஸ்பீட்வேயின் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடந்தது. பாடிங்டனில் ஏறினால் இரண்டு மணித்தியாலம். கார்டிஃப் நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் ஸ்டேடியம் தலைக்கு மேல் நிற்கும். ஊர் முழுக்கப் போலந்துக்காரரும் டென்மார்க்காரரும். செத்துப்போனது என்று எல்லோரும் சொன்ன விளையாட்டுக்கு ஒரே இரவில் பல்லாயிரம் சனம். ரயிலடியில் வைத்தால் வருவார்கள் என்று கிழவர் சொன்னது சரிதான். ஆனால் அது வருடத்தில் ஒருநாள் திருவிழா. மற்றக் கிழமைகளில் பந்தயங்கள் ஊருக்கு வெளியே இருந்தன.

2005இல் திடல்காரரோடு வாடகைப் பேச்சு முறிந்து பிளவ் லேனில் ஸ்பீட்வே இரண்டாவது முறையாக நின்றது. லண்டன் நகரத்தில் அதுதான் கடைசித் திடல். இந்தமுறை ஒன்று உறைத்தது. பஸ்ஸும் ரயிலும் அருகே இருந்ததால் சனம் வந்தது. அதே காரணத்தால் நிலத்தின் விலையும் ஏறியது. எங்களை வாசலில் இறக்கிய 44, கட்டடம் கட்டுகிறவர்களையும் அங்கேதான் இறக்கியது. வெஸ்ட் ஹாம் திடல் 1972இல் மூடப்பட்ட இடத்தில் வீடுகள் எழும்பின. அங்கே ஒரு தெருவுக்கு, அந்தத் திடலில் ஸ்பீட்வே நடத்திய ஜானி ஹொஸ்கின்ஸின் பெயர். ஒதுங்கிய திடல் சனமில்லாமல் போகிறது. நல்ல இடத்துத் திடல், நல்ல இடம் என்பதாலேயே போகிறது.

பிளவ் லேனில் 2017 மார்ச்சில் கடைசி நாயோட்டம். பிறகு இடித்தார்கள். விம்பிள்டன் காற்பந்துக் கழகம் மில்டன் கீன்ஸுக்குப் போவதைப் பொறுக்காமல் ரசிகர்களே 2002இல் தொடங்கிய புதுக் கழகம், நாயோட்டமும் ஸ்பீட்வேயும் நடந்த அதே நிலத்தில் தங்கள் மைதானத்தைக் கட்டியது. சுற்றிலும் அறுநூறு வீடுகள். முதல் ஆட்டம் 2020 நவம்பர் 3. கொரோனாக் காலம், படிக்கட்டுகளில் ரசிகர் ஒருவரும் இல்லை. பஸ் ஓடியது, ரயில் ஓடியது, சனம் மட்டும் வீட்டில் இருந்தது. பிறகு வந்தார்கள், இப்போதும் வருகிறார்கள். மூன்று தசாப்தம் அலைந்து சொந்த வாசலுக்குத் திரும்பியவர்களைக் கண்டு பொறாமைப்படக் கூடாது. கொஞ்சம் பட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்த நேரம், 44இல் வந்துகொண்டிருந்தேன். சமர்ஸ்டவுனில் நாற்பது ஐம்பது சனம் ஏறியது. நீலமும் மஞ்சளுமாகச் சால்வைகள், தாத்தா, பேரன், கைப்பிள்ளையோடு ஒரு தாய். எல்லாம் அன்றைக்குப்போலவே. கண் தன்பாட்டில் அவர்களின் சப்பாத்துக்குப் போயிற்று. நல்ல சுத்தமான சப்பாத்துகள். டூட்டிங் பிராட்வேயில் அவர்கள் இறங்கிய பிறகும் பஸ்ஸின் தரை கழுவிவிட்டதுபோல இருந்தது.