வாப்பாவின் ட்ராட் சனியும் இரண்டு சாவிகளும்



எங்கள் வீட்டு முற்றத்தில் ட்ராட் சனி மூன்று கிழமையாக மூடுதுணிக்குள் நிற்கிறது. பள்ளியில் காண்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். "வாப்பா காரை வித்துட்டாரா?" "வாப்பாக்கு சுகமில்லையா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். அதனால் இங்கே எழுதுகிறோம். வாப்பா சுகமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். காரையும் விற்கவில்லை. சாவிதான் எங்களிடம் இருக்கிறது. அது எங்கள் கைக்கு வந்த விதம் கொஞ்சம் வெட்கமானது. அதனால்தான் எழுத மூன்று கிழமை பிடித்தது.

நாங்கள் என்றால் நாலு பேர். காக்கா, ராத்தா, தங்கச்சி, பிறகு இதை எழுதுகிற வாத்தியார்.

ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாப்பாவைத் தெரியும். 1971இல் லைசன்ஸ் எடுத்து, பிறருடைய மொரிஸ் மைனரில் ஹயர் ஓடி, பிறகு அதே காரைத் தவணைக்கு வாங்கியவர். அந்தக் காலத்தில் காத்தான்குடியில் இரவில் பிள்ளைப்பேறு வலி வந்தால் முதலில் கதவைத் தட்டுவது எங்கள் வீட்டில். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஓடும் வழியில் கல்லடிப் பாலத்தில் நிற்க வேண்டிவந்தால் வாப்பாவுக்கு உயிர் போகும். 1924இல் கட்டிய பழைய பாலம். ஒரு வாகனம் போகும் அகலம்தான். அந்தப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. இப்போது லைசன்ஸ் எடுக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு விளங்காது. வாப்பா மட்டும் புதிய பாலத்திலும் ஏறுவதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்து எதிர்ப்பக்கத்தை ஒருதரம் பார்ப்பார். பின்னால் வருகிறவன் ஹோன் அடிப்பான். அவர் கணக்கெடுக்க மாட்டார்.

மொரிஸ் மைனரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்தக் காரை அங்கே எழுபதுகளின் தொடக்கத்திலேயே செய்வதை நிறுத்திவிட்டார்கள். இங்கே அறுபதுகளில் இருந்து இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் வராது, இருக்கிறதை வைத்துத்தான் ஓட வேண்டும். 1977 வரைக்கும் அதே நிலைமை. அந்தக் கட்டாயத்தில்தான் நம்முடைய கராஜ் பாஸ்மார் தகரத்தை அடித்து மட்கார்ட் செய்யவும், இல்லாத பார்ட்ஸைக் கடைந்து எடுக்கவும் பழகினார்கள். பிறகு தொண்ணூறுகளில் இலங்கையில் செய்த மொரிஸ் பார்ட்ஸ் இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு ஏற்றுமதியானது. காரைக் கண்டுபிடித்தவர்களுக்கே நாங்கள் பார்ட்ஸ் அனுப்பினோம் என்று வாப்பா இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார், ஏதோ அவரே பொதி கட்டி அனுப்பியது போல.

அந்த மொரிஸ் ஓடிய தூரத்தில் பாதி படுவான்கரைக்கு. மண்முனைத் துறையில் 'பாதை'யில் காரை ஏற்ற வேண்டும். பலகையில் முதல் கியரில் ஏற்றி, ஹேன்ட்பிரேக் இழுத்து, சில்லுக்கு அடியில் கல் வைத்துவிட்டு வாப்பா வெளியே இறங்கி நிற்பாராம். கார் ஆற்றுக்குள் போனாலும் பரவாயில்லை, ஆளாவது மிஞ்சட்டும் என்று. கொக்கட்டிச்சோலைத் தேருக்கு ஆரையம்பதியில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வருடா வருடம் வாப்பாவைத்தான் ஹயருக்குக் கூப்பிடும். கோயில் வாசலில் இறக்கிவிட்டு, மரத்தடியில் தொழுதுவிட்டு, காரிலேயே படுத்துத் தூங்கி விடியச் சாமம் கூட்டிக்கொண்டு வருவார்.

1990 ஆகஸ்டுக்குப் பிறகு அதெல்லாம் நின்றுபோனது. அந்த வருடத்தைப் பற்றி நம் ஊருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஊருக்கு வெளியே கார் போகாத காலத்தில் கார்க்காரனுக்கு என்ன வேலை? மொரிஸ் முற்றத்தில் நின்று உப்புக்காற்றில் துருப்பிடித்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. நம் ஊரில் காரைக் கொல்வது ஓட்டம் இல்லை, நிற்பதுதான். கடைசியில் இரும்பு விலைக்குப் போனது. வாப்பா கடை ஒன்றில் கணக்கெழுதப் போனார்.

2002இல் சமாதானம் என்று பாதை திறந்ததும் அவர் செய்த முதல் வேலை, உம்மாவின் இரண்டு காப்பையும் விற்று, கொழும்புக்குப் போய் ட்ராட் சனியை ஓட்டிக்கொண்டு வந்தது. நிசான் பி12, 1300 சிசி, கார்பரேட்டர், சிறி இலக்கம். மன்னம்பிட்டி, வெலிக்கந்த, புணானை தாண்டி இரவோடு இரவாக வந்து சேர்ந்தார். நாங்கள் சுபஹுக்கு எழும்பி வந்து பார்த்தபோது வாசலில் வெள்ளைக் கார். காப்பு போன கவலையில் உம்மா இரண்டு நாள் காரில் ஏறவில்லை.

அந்தக் காரில்தான் நாங்கள் நாலு பேரும் ஓட்டப் பழகினோம். வாப்பாவிடம் பழகுவது லேசான காரியம் இல்லை. கிளச்சைப் பாதி மிதித்துக்கொண்டு நின்றால் தொடையில் ஒரு தட்டு. முன்னால் போகிறவனின் பிரேக் லைட்டைப் பார்க்காதே, அவனுக்கும் முன்னால் போகிறவனைப் பார் என்பார். இரவில் எதிரே ஹைபீம் போட்டு வருகிறவனுக்கு நீயும் ஹைபீம் போட்டுப் பழிவாங்காதே, இரண்டு பேரும் குருடரானால் நடுவில் நிற்கும் மாட்டை ஆர் பார்ப்பது என்பார். நம் பக்கத்தில் இரவில் ரோட்டில் படுக்கும் மாடுகளை அறிந்தவர்களுக்கு இந்தப் பேச்சின் பெறுமதி தெரியும். 2023 ஜூலையில் மன்னம்பிட்டிப் பாலத்தில் பஸ் ஆற்றுக்குள் விழுந்த செய்தி வந்த இரவு வாப்பா சாப்பிடவில்லை. அந்தப் பாலத்தின் அகலத்தைக் கையால் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்.

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தது. முதல் கிழமையே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். பாலத்தின் நடுவில் காரை மெதுவாக்கி, பழைய துறை இருந்த பக்கத்தைக் காட்டினார். பிறகு திருப்பிக்கொண்டு ஆரையம்பதிக்குள் போய் அந்தத் தமிழ்க் குடும்பத்தின் வீட்டைத் தேடினார். ஐயா மோசம் போய்ப் பல வருடமாம். மகன்தான் இருந்தார். "மொரிஸ் கார்க்கார நானாவா?" என்று கேட்டு, தேத்தண்ணி தராமல் விடவில்லை.

இப்போது எங்கள் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல் வாத்தியார் சம்பளத்தில் ஐந்து வருட லீசிங்கில் ஒரு வேகன் ஆர் எடுத்தோம். வாத்தியாருக்குப் பெர்மிட் கிடையாது, தெரியும்தானே. வாப்பாவுக்கு அந்தக் கார் பிடிக்கவே இல்லை. சந்தியில் நின்றால் எஞ்சின் தானாக நிற்கும், பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் தானாக ஸ்டார்ட் ஆகும். முதல் நாள் பக்கத்தில் இருந்தவர் "கார் நின்றுட்டு மகன், தள்ள இறங்கட்டா?" என்று கதவைத் திறந்துவிட்டார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நடந்த கூத்து எல்லோருக்கும் தெரியும். வாங்கிய விலையை விட இரண்டு மடங்குக்கு மேல் தருகிறேன் என்று ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்களுக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. வித்தால் லீசிங்கை முடித்துவிட்டு மிச்சத்தில் வீட்டுக்கு மேல்தட்டு எழுப்பலாம். வாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வித்துப்போட்டு எதில போற?" இந்த நாட்டில் கார் வாங்குகிறவன் எல்லாம் பவுன் வாங்குவது போலவே வாங்குகிறான். ஓட்டினால் கிலோமீட்டர் கூடிவிடும் என்று பயந்து முற்றத்தில் வைத்துத் துடைக்கிறான். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்தபோது விலை விழும் என்று காத்திருந்தவர்களும், விழுந்துவிடும் என்று நித்திரை இல்லாமல் கிடந்தவர்களும் நம் ஊரில் நிறையப் பேர். வரியின் புண்ணியத்தில் இரண்டு பக்கமும் ஏமாந்தது.

2022ஐ மறக்க முடியாது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய். அந்த விலைக்கும் இல்லை. பாடசாலைகளும் மூடிக்கிடந்தன. வரிசையில் வாப்பா சனிக்குள் ஒன்றரை நாள் இருந்தார். நாங்கள் சோற்றுப் பார்சலும் குர்ஆனும் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாறி இருக்கிறோம் என்றால் விட மாட்டார். பிறகு கியூஆர் வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர். சனியின் 20 லீட்டரில் அவர் தனக்காக ஓடியது குறைவு. அக்கம்பக்கத்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், காசு வாங்கவில்லை. எழுபத்தொரு வயதில் மறுபடியும் ஹயர்க்காரர் ஆனது போல ஒரு வெளிச்சம் அந்த முகத்தில். அதைப் பார்த்ததால்தான் பிறகு பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

சீனி வருத்தம் பழையது. கண்ணில் கட்டரக்ட். ஒன்றை வெட்டியாயிற்று, மற்றதற்குத் தேதி எடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி நாள் போனது. போன நோன்பில் தராவீஹ் முடிந்து வரும்போது, பிரதான வீதியில் ஈச்ச மரங்களுக்குக் கட்டிய நடுக்கட்டில் முன் சில்லை ஏற்றினார். பம்பர் உடைந்தது. "பைக்காரன் குறுக்க வந்தான்" என்றார். அந்த வீதியில் பைக்காரன் குறுக்கே வராத நாள் எது? நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது. லைசன்ஸும் 2026 வரைக்கும் செல்லும். எட்டு வருடத்துக்கு முன்னால் மருத்துவச் சான்றிதழ் எடுத்த கண் வேறு, இன்றைய கண் வேறு என்று அந்த அட்டையில் எழுதியிருக்காதுதானே.

மூன்று கிழமைக்கு முன்னால், மஃரிப் நேரம். ஆற்றங்கரைப் பக்கம் இருந்து வரும் ஒழுங்கையில் லைட் இல்லாத சைக்கிளில் ஒரு பிள்ளை. வாப்பா கடைசி நொடியில்தான் கண்டார். பிள்ளை பயத்தில் திருப்பி வேலியில் விழுந்தது. முழங்கால் உரசல் மட்டும். கார் தொடவில்லை, அல்லாஹ் காத்தான். எங்கள் பாடசாலையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளை. அடுத்த நாள் வகுப்பில் "சேர், உங்கட வாப்பா என்னைக் காணவே இல்லை" என்றது. குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னது. அன்றைக்குப் பாடம் ஓடவில்லை.

இரவில் நாலு பேரும் கூடினோம். யார் சொல்வது? காக்கா ராத்தாவைப் பார்த்தார், ராத்தா எங்களைப் பார்த்தாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வாய் கிழியப் பேசுகிற வாத்தியாருக்கு வாப்பாவுக்கு முன்னால் ஒரு வசனம் வரவில்லை. ஓட்டப் பழக்கியவரிடம் போய் ஓட்டாதீங்க என்று எப்படிச் சொல்வது? கடைசியில் செய்தது கோழைத்தனம். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து ஒளித்துவிட்டோம். காணாமல் போய்விட்டது என்று விடலாம் என்றுதான் எண்ணம்.

வாப்பா இரண்டு நாள் தேடினார். சேர்ட் பொக்கற், முசல்லாவுக்குக் கீழே, மருந்துப் பெட்டி, கிணற்றடி. இரண்டாம் நாள் பின்னேரம் திண்ணையில் இருந்துகொண்டு உம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு மறதி வந்துட்டு போல." தங்கச்சி அறைக்குள் ஓடிப்போய் அழுதாள். கண்ணைப் பறிக்காமல் விட்டு, மனுஷனின் புத்தியையே அவரைச் சந்தேகிக்க வைத்துவிட்டோம்.

அன்றைக்கு இஷாவுக்குப் பிறகு சாவியைக் கொண்டுபோய் முன்னால் வைத்து உண்மையைச் சொன்னோம். அந்தப் பிள்ளை சொன்னதையும் சொன்னோம். ஏசுவார் என்று நினைத்தோம். ஏசவில்லை. சாவியைத் தொடவும் இல்லை. எழும்பிப்போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர் அலுமாரியைத் திறந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தார். உள்ளே சனியின் இரண்டாவது சாவி. 2002இல் காரோடு வந்தது, நாங்கள் மறந்தே போயிருந்தோம். "இதையும் வெச்சிக்கங்க. அந்தப் புள்ள விழுந்த அன்றைக்கே எனக்கு விளங்கிட்டு. ஆரு முதல்ல சொல்றண்டு பாத்துக்கிட்டிருந்த" என்றார். அப்படியானால் அந்த இரண்டு நாளும் தேடியது எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.

இப்போது தங்கச்சிதான் கிளினிக்குக்கும் ஜும்ஆவுக்கும் கொண்டுபோய் விடுகிறாள். பொம்பிளைப் பிள்ளை வாப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறாள் என்று ஓரிருவர் பேசியது காதில் விழுந்தது. நாலு பேரில் வாப்பாவிடம் குறைவாக அடி வாங்கிப் பழகியவள் அவள்தான். அதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம். வாப்பா பக்கத்துச் சீட்டில் சும்மா இருப்பதில்லை. சந்தி வந்தால் வலது கால் தானாக விரிப்பை அமுக்குகிறது. கல்லடிப் பாலம் வந்தால் கழுத்தை நீட்டி எதிர்ப்பக்கம் பார்க்கிறார்.

சனியை விற்க மாட்டோம். கிழமைக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி ஊருக்குள் ஒரு சுற்று ஓடுகிறோம். கார்பரேட்டர் மட்டும் கக்குகிறது. பஞ்சிகாவத்தையில் இரண்டு கடையில் கேட்டோம், இல்லை என்கிறார்கள். பி12 கார்பரேட்டர் கிட் யாரிடமாவது இருந்தால், அல்லது இருக்கும் இடம் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். மற்றக் கண்ணுக்கு ஒப்பரேஷன் தேதியும் கிடைத்துவிட்டது, துஆ செய்யுங்கள். பிறகு, மஃரிபுக்குப் பிள்ளைகளை ஓதப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் சைக்கிளுக்கு ஒரு லைட் பூட்டிக் கொடுங்கள். எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் சைக்கிளுக்கு வாப்பாவே போய்ப் பூட்டிவிட்டு வந்தார்.